பிடிக்க முடியாத கோட்டை என்கிற பொய்

போன ஜனவரியில் அலுவலக நண்பர்கள் ஆறு பேரைச் செஞ்சிக்கு அழைத்துப் போனேன். உழவர்கரையில் என் வீட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பினால் திண்டிவனம் வழியாக இரண்டு மணி நேரம்தான். ராஜகிரி அடிவாரத்தில் வேறொரு குழுவுக்கு ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஓரமாக நின்று கேட்டோம்.

"இந்தக் கோட்டைய எவனாலயும் பிடிக்க முடியல சார். சிவாஜியே பாத்து அசந்துட்டாரு. இங்கேருந்து வேலூர் வரைக்கும் சுரங்கம் போவுது. இப்ப அடச்சிட்டாங்க."

எங்கள் குழுவில் ஒருவனுக்கு வாய் சும்மா இருக்காது. "எவனாலயும் முடியலன்னா சிவாஜி எப்படிண்ணா உள்ள வந்தாரு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு அடுத்த வாசலுக்குப் போய், கொஞ்சமும் குரல் குறையாமல் அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்பவர்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறார், அது அவர் பிழைப்பு. என் கோபம் படித்தவர்கள்மீது. யூடியூபில் டிரோன் பறக்கவிட்டு, முதுகெலும்பு சிலிர்க்கும் இசையைப் பின்னால் ஓடவிட்டு, "வீழ்த்தவே முடியாத தமிழனின் கோட்டை" என்று தலைப்பு வைப்பவர்கள்மீது. சரித்திர நாவல் என்ற பெயரில் நாற்பது அத்தியாயத்துக்கு ஒரு சுரங்கப்பாதை தோண்டுபவர்கள்மீது. அதைப் படித்து வளர்ந்த என்மீதும்தான்.

ஏனென்றால் செஞ்சி விழுந்திருக்கிறது, ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. அது எப்படியெல்லாம் விழுந்தது என்பதுதான் அந்தக் கோட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி. அதைத்தான் நாம் மறைக்கிறோம்.

திருக்குறளின் 75-ஆம் அதிகாரம் அரண். அதில் வள்ளுவர் ஒரு கோட்டையை எதிரி எடுக்கும் வழிகளை மூன்றாகச் சொல்கிறார்: வெளியே போகவிடாமல் சூழ்ந்து முற்றுகை இடுவது, சூழாமல் நேரே பாய்ந்து தாக்குவது, உள்ளே இருப்பவரைக் கீழறுப்பது. இவை மூன்றுக்கும் தாங்குவதுதான் அரண் என்கிறார். செஞ்சி நூறு வருடத்துக்குள் இந்த மூன்று வழியிலும் கைமாறியது.

1677-இல் சிவாஜி வந்தபோது கோட்டை பிஜாப்பூர் சுல்தானின் ஆள் கையில் இருந்தது. பெரிய சண்டை நடக்கவில்லை. பணமும் ஜாகீரும் தருவதாகப் பேசி முடித்தார்கள், கதவு திறந்தது. இது கீழறுத்தல். 1690-இல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து சூழ்ந்தார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அந்த முற்றுகை ஏழு வருடத்துக்கு மேல் இழுத்து 1698 தொடக்கத்தில்தான் முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். சுல்பிகர் கான் எதிரியோடு இரகசியமாகப் பேரம் பேசிக்கொண்டே காலத்தை ஓட்டினார் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். வெளியே சமவெளியில் முகமது அலியின் படையைச் சிதறடித்து, ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே மதிலுக்கு வந்து, வெடிவைத்துக் கதவைப் பிளந்தார். இரவோடு இரவாக மூன்று மலைகளிலும் ஏறினார்கள். விடிந்தபோது கோட்டை அவர்கள் கையில். ஏழு வருடம் தாங்கிய அதே சுவர் ஓர் இரவில் போனது.

இங்கே ஒரு நல்ல பொறியாளன் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. சுவர் அதே சுவர். மலை அதே மலை. ஏழு வருடத்துக்கும் ஓர் இரவுக்கும் நடுவில் என்ன மாறியது?

என் வேலையில் ஒரு விஷயத்தைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். உடைக்க முடியாத பாஸ்வர்ட் என்று ஒன்று கிடையாது. உடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கணக்கு. பணப்பெட்டி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவில் இரும்புப் பெட்டிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும்போது 15 நிமிடம், 30 நிமிடம் என்று கொடுக்கிறார்கள். தேர்ந்த ஆள் தேவையான கருவியோடு வந்தால் இத்தனை நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். "உடையவே உடையாது" என்று சொல்லி விற்கும் பெட்டியை வாங்கினால் நீங்கள் ஏமாளி.

கோட்டை நேரத்தை வாங்கித் தரும் யந்திரம். வேறொன்றும் இல்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய கோட்டைப் பொறியாளர் வோபான், 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் எல்லை முழுக்கக் கோட்டைகளைக் கட்டியவர், அப்படியொரு கோட்டை முறையான முற்றுகையில் எத்தனை நாளில் விழும் என்று அட்டவணையே போட்டார். சுமார் 48 நாள். முதல் பள்ளம் வெட்டுவதற்கு இத்தனை நாள், அகழியைக் கடப்பதற்கு இத்தனை நாள் என்று பிரித்து எழுதினார். கட்டியவரே விழும் தேதியைச் சொன்னார்! அந்த 48 நாளுக்குள் வெளியிலிருந்து உதவிப்படை வர வேண்டும். அதுதான் ஒப்பந்தம். கல் தன் வேலையைச் செய்யும், ஆள் தன் வேலையைச் செய்ய வேண்டும்.

இந்தக் கண்ணோடு செஞ்சியைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் பேச ஆரம்பிக்கும்.

வெளிவட்ட மதில் மூன்று மலைகளையும் முக்கோணமாகக் கோத்து ஓடுகிறது. பல இடங்களில் சுவரே இல்லை. மலையின் உருண்டைப் பாறைகள் இயற்கையாகக் குவிந்து கிடக்கும் இடங்களில் இடைவெளியை மட்டும் கல்வைத்து அடைத்திருக்கிறார்கள். செலவு மிச்சம். சமவெளியில் ஓடும் மதிலின் உள்ளே மண் நிரப்பியிருக்கிறது. பீரங்கிக் குண்டு வெறும் கற்சுவரில் பட்டால் கல் சிதறும், மண் நிரப்பிய சுவரில் பட்டால் புதைந்துபோகும். வெளியே அகழி. வாயில்களில் நேராக நுழைய முடியாது. நுழைந்ததும் ஒரு திருப்பம், அப்புறம் இன்னொரு திருப்பம், நாலாபக்கமும் சுவர். யானையைக் கொண்டு கதவை முட்டவைக்க வேண்டுமென்றால் அது ஓடிவர இடம் வேண்டும். அந்த ஓட்டத்தைத் திருப்பம் பறித்துக்கொள்கிறது. திருப்பத்தில் நிற்பவன் தலைக்கு மேல் மூன்று பக்கமும் ஆள். இதைக் கட்டிய கொத்தனுக்கு யானையின் வேகம் தெரிந்திருக்கிறது.

ராஜகிரியில் ஏற ஆயிரத்துச் சொச்சம் படி. வழியில் வாசலுக்கு மேல் வாசல். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து ஒரு பள்ளம் கிடக்கிறது, சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பத்து ஆள் போதும். மாடிப்படி வலப்பக்கமாகச் சுழன்றால் வலக்கையில் வாள் பிடித்து ஏறுகிறவனுக்குக் கஷ்டம் என்று ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றி ஒரு கதை வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறதே, ஆராய்ச்சியாளர்கள் பலர் அதையே சந்தேகப்படுகிறார்கள். ராஜகிரியில் அந்தத் தத்துவமெல்லாம் வேண்டாம். அறுநூறாவது படியில் எங்கள் குழுவில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் வாள்கூட இல்லை, தண்ணீர் பாட்டில்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் செஞ்சியின் உண்மையான மதில் தண்ணீர்தான். மலை உச்சியில் வற்றாத சுனை. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். கல்யாண மகாலின் மேல் மாடிவரை சுட்ட மண்குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அதன் பக்கத்தில் வில்வளைவுக் கூரையோடு பிரம்மாண்டமான களஞ்சியங்கள். முற்றுகை ஏழு வருடம் தாங்கியதில் பீரங்கியைவிட இந்தக் களஞ்சியத்துக்கும் சுனைக்கும் பங்கு அதிகம். சுற்றுலா வருகிறவர்கள் களஞ்சியத்தின் எதிரொலியைச் சோதித்துப் பார்க்கக் கத்திவிட்டுப் போகிறார்கள். அதற்குள் நெல் எத்தனை மாதத்துக்கு வரும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்து நான் கண்டதில்லை.

சுரங்கம் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். செஞ்சியிலிருந்து வேலூருக்குச் சுரங்கமாம். கருங்கல்லில் அத்தனை தூரம் குடைந்தால் தோண்டிய கல்லை எங்கே கொட்டினார்கள்? காற்று எப்படிப் போனது? ஊற்றுத் தண்ணீரை எப்படி இறைத்தார்கள்? அதைவிடப் பெரிய கேள்வி: இத்தனை மதிலும் அகழியும் கட்டிவிட்டு, மதிலுக்கு அடியிலேயே எதிரி வருவதற்கு ஒரு ஓட்டையைப் போட்டுவைக்கிற மடையன் யார்? கட்டியவனை முட்டாளாக்கும் கதையை அவன் பெருமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, புஸ்ஸிக்கு வருகிறேன். ஓர் இரவில் ஏன் விழுந்தது? வெளியே தோற்று ஓடிவந்த படைக்கும் துரத்திவந்த படைக்கும் நடுவே இடைவெளி இல்லை. கோட்டைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள நேரமே கிடைக்கவில்லை. மதிலின்மேல் போதிய ஆள் இல்லை, இருந்தவர்களுக்கும் கலக்கம். நேரத்தை வாங்கித் தரும் யந்திரத்தை இயக்கவும் கொஞ்சம் நேரம் வேண்டும். அரண் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் சொல்வதும் இதுதான். எத்தனை சிறப்பு இருந்தாலும் செயல்திறன் இல்லாதவரிடத்தில் அரண் இருந்தும் இல்லாததே. 'வீழ்த்த முடியாத' என்று ஒரு சொல்லை வள்ளுவர் எந்தக் கோட்டைக்கும் கொடுக்கவில்லை. நாம்தான் தாராளமாகக் கொடுக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செஞ்சி என்றதும் நம் ஜனங்கள் சொல்லும் பெயர் தேசிங்கு ராஜா. நாட்டுப்புறக் கதைப்பாட்டு அவர் பேரில், எம்.ஜி.ஆர். நடித்த 1960-ஆம் வருடப் படம் அவர் பேரில். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படை 1714-இல் வந்தபோது அந்த இளைஞர் கோட்டைக்குள் இருந்து சண்டை போடவில்லை. சில நூறு பேரோடு வெளியே சமவெளிக்குப் போய்ப் போரிட்டுச் செத்தார். கோட்டையின் மகா வீரன் என்று நாம் கொண்டாடுகிறவர் கோட்டையைப் பயன்படுத்தாதவர்! வீரம் பெரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை தலைமுறை கொத்தர்களும் ஒட்டர்களும் கல் சுமந்து கட்டியது அந்த இளைஞன் சாகாமல் இருப்பதற்காக.

*

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. உடனே வாட்ஸ்ஆப் குழுக்கள் தீப்பிடித்தன. எங்கள் கல்லூரி பேட்ச் குழுவில் மூன்று நாள் வேலையே நடக்கவில்லை. "ஆனந்தக் கோன் கட்டியது, எப்படி மராத்தியக் கோட்டை ஆகும்?" என்று ஒரு கட்சி. "இருபத்தோரு வருஷம் வச்சிருந்தா அவங்களுதா?" என்று இன்னொரு குரல். "சிவாஜி இல்லன்னா அந்த மதில் என்னவாயிருக்கும்?" என்று மும்பையில் செட்டில் ஆன ஒருவன்.

அந்தத் தலைப்பு செஞ்சிக்குக் குறுகலான சட்டை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. கோன் வம்சத்திலிருந்து தொடங்குவதாக மரபு. விஜயநகரம், நாயக்கர், பிஜாப்பூர், மராத்தியர், முகலாயர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று இத்தனை கை பட்ட இடத்துக்கு ஒரு பெயர் போதாது. சிவாஜி பிடித்த கையோடு பழைய கட்டடங்களை இடித்து, புது மதில் எழுப்பி, அகழி வெட்டியதை அப்போது இங்கே இருந்த ஏசு சபைப் பாதிரியாரின் கடிதம் பதிவு செய்திருக்கிறது. அதுவும் உண்மை. ஒவ்வொருவரும் முன்னவன் எங்கே தோற்றான் என்று பார்த்து அந்த இடத்தைப் பூசியிருக்கிறார்கள். எங்கள் மொழியில் சொன்னால் ஐந்நூறு வருடப் பழைய கோட், எட்டு டீம் கைவைத்தது, ஒவ்வொரு டீமும் போன டீமைத் திட்டிக்கொண்டே பேட்ச் போட்டது. அதில் யார் பெயர் மேலே இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறவன் அந்தக் கோடை ஒருநாளும் திறந்து பார்க்காத மேனேஜராகத்தான் இருப்பான்.

மூன்று நாள் சண்டையில் ஒருவர்கூட ஒரு வாயிலைப் பற்றியோ ஒரு குளத்தைப் பற்றியோ ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதினேன். கட்டைவிரல் இரண்டு விழுந்தது.

நம்மிடம் சொல் இல்லையா? தொல்காப்பியம் மதிலை வளைப்பதை உழிஞை என்று ஒரு திணையாகவே வைக்கிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை மதிலைக் காப்பதை நொச்சி என்று தனியாகப் பிரித்தது. எயில், இஞ்சி, புரிசை, ஞாயில், பதணம், கிடங்கு என்று மதிலுக்கும் அதன் உறுப்புகளுக்கும் அத்தனை பெயர். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் இருந்த பொறிகளின் நீண்ட பட்டியல் வருகிறது. இத்தனை பொறியும் இருந்த அந்த மதுரையை அடுத்த சில காதைகளில் ஒரே ஒரு பெண் உள்ளிருந்து எரிக்கிறாள். இளங்கோ அந்தப் பட்டியலைச் சும்மா போட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் தலைமுறைக்குக் கோட்டை என்றால் விடுதி அறையில் இரவு முழுக்க ஆடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஆங்கிலப் படத்தில் மேலிருந்து ஊற்றும் கொதிக்கும் எண்ணெய். சிரியாவில் சிலுவைப்போர் வீரர்கள் கட்டிய கிராக் தே செவாலியே தெரியும், மிளை தெரியாது. அந்தக் கிராக்கும் 1271-இல் கடைசியாக விழுந்தது போலியென்று நம்பப்படும் ஒரு கடிதத்தால். சரணடையுங்கள் என்று மேலிடத்திலிருந்து வந்ததுபோல எழுதி உள்ளே அனுப்பினார்கள். இன்றைய பாஷையில் ஃபிஷிங். உலகம் முழுக்க இதே கதைதான்.

மிளை என்று சொன்னேன் அல்லவா? கோட்டைக்கு வெளியே, அகழிக்கும் அப்பால் வளர்க்கும் காவற்காடு அது. நுழையமுடியாதபடி முள்ளும் மரமும் பின்னிய காடு. சங்கப்பாட்டில் வரும் சொல் என்று பரீட்சைக்குப் படித்து மறந்திருந்தேன். அது என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

*

புதுச்சேரியைப் பார்க்க வருகிறவர்கள் மஞ்சள் சுவரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிரெஞ்சுக் கோட்டை எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர்களே தடுமாறுவார்கள். செயின்ட் லூயி கோட்டை 1706-இல் திறக்கப்பட்டது. வோபான் பாணியில் ஐங்கோணம். இன்றைக்குப் பாரதி பூங்கா இருக்கும் பகுதியில் இருந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது கோட்டையையும் மதிலையும் வெடிவைத்துத் தகர்த்து, ஊரையும் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் படம் எடுக்கும் வெள்ளை நகரம் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டியது. கோட்டை இருந்ததற்குச் சாட்சி ஊரின் வடிவம்தான். நகரத்தைச் சுற்றி முட்டை வடிவில் ஓடுகிற அந்த புல்வார் சாலைகள் மதில் ஓடிய தடம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சி வெங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு வந்தவை. செஞ்சி நமக்கு அவ்வளவு பக்கம்.

மதிலுக்கு வெளியே சுமார் ஒரு மைல் தள்ளி, இன்னொரு அரண் இருந்தது. அதைக் கல்லால் கட்டவில்லை, நட்டு வளர்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அதை விவரிக்கிறார். கற்றாழையும் நாட்டு முட்செடிகளும் பின்னி, நடுநடுவே தென்னையும் பனையும் நிறைந்த அடர்ந்த வேலி. வடக்கே கடற்கரையில் தொடங்கி அரைவட்டமாக ஐந்தரை மைல் ஓடி, அரியாங்குப்பம் ஆற்றில் முடியும். குதிரைப்படை நுழையவே முடியாது, காலாட்படைக்கும் சிரமம். ஊரிலிருந்து போகும் ஐந்து சாலைகளும் அந்த வேலியை வெட்டும் இடத்தில் ஒவ்வொரு காவல் கொத்தளம், மேலே பீரங்கி. எல்லை வேலி என்று அதைச் சொல்லலாம். நம் பழைய சொல்லில் மிளை.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேற்கே அது இன்றைய இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்துக்கு அக்கம்பக்கத்தில்தான் ஓடியிருக்க வேண்டும். தினமும் இரண்டு வேளை சிக்னலில் நின்று நான் சபிக்கும் இடம். வில்லியனூர் சாலையில் அதற்கு மேற்கே ரெட்டியார்பாளையம், மூலக்குளம், எங்கள் உழவர்கரை. அந்தப் போர்க்காலக் குறிப்புகளில் 'ஊல்காரே' என்று எங்கள் ஊர்ப் பெயர் வருகிறது.

மலிவான, அற்புதமான பொறியியல். செடிக்குக் கூலி கிடையாது, வெட்டினால் திரும்ப வளரும், பீரங்கிக் குண்டு அதை ஒன்றும் செய்யாது. 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் பெரிய கடற்படையோடு வந்தார். அரியாங்குப்பத்துச் சின்னக் கோட்டையிலேயே நாள்களை விட்டார். பிறகு மதிலிலிருந்து 1500 கஜம் தள்ளிப் பள்ளம் வெட்ட ஆரம்பித்தார். வழக்கமாக 800 கஜத்தில் தொடங்க வேண்டும். நடுவே சதுப்பு நிலம். பிரெஞ்சுப் பொறியாளர் பாரதி அந்தச் சண்டையில் செத்தார் (பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அவர் பாரதீஸ் என்று எழுதப்படும் சுவிஸ்காரர்). அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. பாஸ்கவன் மூட்டை கட்டினார். வாங்கிய நேரம் வேலை செய்தது.

1760-இல் அதே வேலி, அதே மதில். செப்டம்பரில் ஆங்கிலேயர் வேலியைக் கைப்பற்றினார்கள். வேலி கை மாறியதும் அதன் வேலையும் மாறியது. வெளியே இருப்பவனை உள்ளே விடாமல் இருந்தது, இப்போது உள்ளே இருப்பவனை வெளியே விடாத சிறைச்சுவர். கூட் தளபதி அவசரப்படவில்லை, பசிக்கட்டும் என்று விட்டார். பிரெஞ்சுக் கப்பற்படை வர வேண்டும், வரவே இல்லை. உள்ளே யானையும் ஒட்டகமும் நாயும் தின்றார்கள். 1761 ஜனவரி 16-இல் ஊர் சரணடைந்தது. இருபத்தைந்து வருடம் இந்த ஊரின் நடப்பை நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் இறந்தார். செஞ்சியில் பிரெஞ்சுக்காரர்கள் ஏப்ரல் 5 வரை தாக்குப்பிடித்தார்கள். அங்கே அவர்கள் இருந்த பத்து வருடத்தில் அவர்களைக் கொன்றது எதிரியைவிட அந்த இடத்துக் காய்ச்சல்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கர்நாடகப் போர் என்று நாலு வரியில் வரும். வராத ஒன்றைச் சொல்கிறேன்.

1760 நவம்பர் 27. உள்ளே தானியம் குறைகிறது. பிரெஞ்சுத் தளபதி லாலி, ஊரில் மிச்சமிருந்த உள்ளூர் ஜனங்களை, சண்டைக்கு உதவாத வாய்கள் என்று, மதிலுக்கு வெளியே துரத்தினார். 1400 பேர், ஆணும் பெண்ணும். அவர்கள் நடந்து எல்லை வேலிக்கு வந்தார்கள். வேலியில் நின்ற ஆங்கிலேயர் அவர்களைத் திருப்பித் துரத்தினார்கள். இவர்கள் உள்ளே இருந்தால்தான் உள்ளே சோறு சீக்கிரம் தீரும் என்பது கணக்கு. திரும்பி மதிலுக்குப் போனால் கதவு திறக்கவில்லை. மதிலுக்கும் வேலிக்கும் நடுவே அந்த ஒரு மைல் நிலத்தில் எட்டு நாள் கிடந்தார்கள். கையில் இருந்தது தீர்ந்ததும் புல் வேரைத் தின்றார்கள். எட்டு நாளுக்குப் பிறகுதான் வேலியைக் கடக்க விட்டார்கள்.

இரண்டு பக்கத்துக் கணக்கும் துல்லியமான கணக்கு என்பதைக் கவனியுங்கள். கோட்டை நேரத்தை வாங்கும் யந்திரம் என்று இவ்வளவு நேரம் வியந்தேனே, அந்த நேரத்துக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். ஒரு வாயைக் குறைத்தால் உள்ளே இத்தனை நாள் கூடும், ஒரு வாயைத் திருப்பி அனுப்பினால் இத்தனை நாள் குறையும். 1400 பேரும் அந்தக் கழித்தலிலும் கூட்டலிலும் ஓர் எண்.

இப்போது சொல்லுங்கள், யாருடைய கோட்டை? பிரெஞ்சுக்காரனுடையதா ஆங்கிலேயனுடையதா என்று கேட்டால் அந்த நிலத்தில் கிடந்தவர்களுக்கு என்ன பதில் வரும்? மராத்தியனா தமிழனா என்று செஞ்சியில் கேட்பதும் இதே கேள்விதான். ராஜாக்கள் எழுதிக்கொண்ட பட்டாவை நாம் தூக்கிக்கொண்டு அலைகிறோம். ஏழு வருட முற்றுகையில் செஞ்சிக் களஞ்சியத்துக்கு நெல் எங்கிருந்து வந்தது, சுற்றுவட்டக் கிராமங்கள் எதைத் தின்றன என்று கேட்கிறவன்தான் அந்த நெல்லை விளைவித்தவனின் வாரிசு. எங்கள் ஊரின் பெயரிலேயே உழவர் இருக்கிறார்கள்.

"பழசை எல்லாம் இப்ப எதுக்குக் கிளறணும், ஊர் டூரிசத்துல பொழைக்குது" என்று நண்பன் ஒருவன் சொன்னான். டூரிசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையின் மஞ்சள் சுவருக்கு வருடாவருடம் பூச்சு நடக்கட்டும். அந்தச் சுவருக்கும் எங்கள் சிக்னலுக்கும் நடுவில் நடந்ததற்கு ஒரு பலகைகூடக் கிடையாது என்பதுதான் என் புகார். வேலியின் ஒரு கற்றாழைகூட மிச்சமில்லை. அந்த இடத்தில் இப்போது பைக் ஷோரூம், பிரியாணிக் கடை, மேம்பாலம் வருமா வராதா என்கிற பேச்சு.

எங்கள் ஆயாவுக்கு எண்பத்தி நாலு வயது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் உழவர்கரைக்குள்ளேயே. வேலி என்று ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். 1400 பேர் கதையைச் சொன்னேன். வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு நாளா? என்னாத்தடா தின்னாங்க?"

"புல்லு வேரு ஆயா. அப்டித்தான் எழுதியிருக்கு."

"வெள்ளக்காரனுக்கு எல்லாம் புல்லுதான். கோரக்கெழங்கா இருக்கும். பஞ்சத்துல எங்க ஆயா தின்னது அதான். எந்த மாசம்ன?"

"நவம்பர் கடைசி. கார்த்திகை."

உரலில் உலக்கையை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்தார்.

"மழ பேஞ்சிருக்கும். மண்ணு எளகி இருந்திருக்கும். கையாலயே தோண்டலாம்."